அம்மானின் தூண்டிலும் எமது எண்ணெய்க் குப்பியும்

நாம் மீன் உண்பதில்லை, வீட்டிற் சமைப்பதுமில்லை. அங்ஙனமிருந்தும், ஆண்டில் மூன்று முறை, பாடசாலை விடுமுறைதோறும் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குப் பிரயாணஞ்செய்து, மீன்பிடி றீல்கள் இரண்டைக் கழற்றித் துடைத்து எண்ணெயிட்டு மீள்வதை நான்கு ஆண்டுகளாக ஒரு நியமமாகக் கொண்டுள்ளோம். எந்த உறுப்புக்கு எண்ணெய், எந்த உறுப்புக்குக் கிறீஸ், அவற்றுள்ளும் எவ்வகை, எவ்வளவு என்பன சிறு விடயங்களே. ஆயினும் அவற்றைத் தெரிந்து செய்வதற்கும் தெரியாது செய்வதற்கும் இடையே எத்துணை வேற்றுமை உண்டென்பதை அங்கேதான் கண்டோம். தையல் இயந்திரமும் சைக்கிளும் கிணற்றுக் கப்பியும் உள்ள எந்த வீட்டாருக்கும் இவை ஓரளவு பயன்படுமென்ற நம்பிக்கையால் இதனை எழுதுகின்றோம்.

றீல்கள் எமது அம்மானுக்கு உரியவை. அவர் எம் தாயாரின் இளைய சகோதரர். துறைமுகத்திற் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். இப்போது வயது 78. இளமை முதல் மாலை வேளையிற் கடற்கரைப் பாறைமேல் நின்று தூண்டில் எறிவதே அவருடைய பொழுதுபோக்கு. வேறு பழக்கம் எதுவும் அவரிடம் இருந்ததில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. பார்க்கின்சன் நோயென வைத்தியர் கூறினர். தேநீர்க் கோப்பையை அவர் இப்போது இரு கைகளாலும் ஏந்துகின்றார். திருப்புளியை ஆணியின் தலையிற் பொருத்த அவரால் இயலாது. ஆயினும் தூண்டிலை வீசும் பழக்கம் தோளில் உறைந்திருத்தலால், அதனை மட்டும் நோய் இன்னும் முற்றாகப் பறித்துவிடவில்லை.

இங்கேதான் எண்ணெயின் விடயம் முக்கியமாகின்றது. றீலின் கைப்பிடி இலகுவாகச் சுழலுமாயின் அம்மான் ஒரு மணி நேரம் நின்று மீன் பிடிப்பார். சற்றே இறுகியிருப்பின் விரல்கள் பலங்கொண்டு பற்றவேண்டியிருக்கும். பற்றப்பற்ற நடுக்கம் மிகும். பத்து நிமிடத்திற் றொட்டைச் சாய்த்துவிட்டுக் கல்லின்மேல் அமர்ந்துவிடுவார். பின்னர் வீடு சேரும்வரை ஒன்றும் பேசமாட்டார். ஒரு குமிழ்ப் பொருத்தில் எண்ணெய் வற்றியமையால் ஒரு முதியவரின் மாலைப்பொழுது கெடுவதை நாம் கண்ணாற் கண்டிருக்கின்றோம்.

முதன்முறை அந்த வேலையை எமக்கு ஒப்படைத்தபோது, மீன் தின்னாதவனிடம் இதைத் தருவது பொருத்தமோ என்று நாம் வினவினோம். அவர் சிரித்தார்.

"மீனை நான் பாக்கிறன் தம்பி, நீ மெசினைப் பார்."

அன்று முதல் கைகள் எம்முடையவை, அறிவு அவருடையது. கல்லூரியிற் பௌதிகவியல் கற்பிக்கும் எமக்கு, உராய்வு என்னும் பாடத்தை மீண்டும் முதலிலிருந்து கற்பித்தவர் அவரே எனலாம்.

தூண்டிலில் இன்று பலரும் வழங்கும் றீலில் நூற்சுருள் சுழலாது நிற்க, நூல் மாத்திரம் அதன் விளிம்பால் வழுவி ஓடும். இவ்வகைக்கு 1905இல் உரிமப் பத்திரம் பெற்றவர் ஆல்பிரட் ஹோல்டன் இலிங்வேர்த் என்னும் ஆங்கிலேயர். பிராட்போர்ட் நகரின் கம்பளித் தொழிலைச் சார்ந்த அவர், நெசவாலையில் நூல் கழன்றோடும் விதத்தைப் பார்த்தே இதற்கு வழி கண்டார் என்பர். கைப்பிடியை நாம் ஒருமுறை சுற்ற, உள்ளிருக்கும் பற்சில்லுகள் நூல் சுற்றும் தலைப்பகுதியைப் பலமுறை சுழற்றும். இக்கால றீல்கள் பலவற்றில் இவ்விகிதம் ஒன்றுக்கு ஐந்துக்கு மேலாகும். ஆகவே, ஒரே சிறு கூட்டினுள் மெதுவாய்ச் சுழன்று பாரந்தாங்கும் உறுப்பும் உண்டு. பாரமின்றி விரைந்து சுழலும் உறுப்பும் உண்டு. இவ்விரண்டையும் ஒரே எண்ணெயாற் பேண எண்ணுவோருக்கு அங்கேயே இடர் தொடங்கிவிடுகின்றது.

அம்மானிடமுள்ள பழைய றீல், பிரான்சில் மிச்செல் என்ற பெயரிற் செய்யப்பட்டது. அது பிறந்த குளூஸ் என்னும் ஊர் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன பள்ளத்தாக்கிலுள்ளது. துறைமுகத்துக்கு வந்த கப்பல் மாலுமி ஒருவர் அதனை அன்பளிப்பாகக் கொடுத்தாராம். போர்க்காலத்திற் கடலிற் செல்வதற்கும் மீன் பிடிப்பதற்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளால் அது பல ஆண்டுகள் தகரப்பெட்டியினுள் உறங்கிற்று. 2009இற் போர் முடிந்தபின் எடுத்துப் பார்த்தபோது கைப்பிடி அசையவேயில்லை. துரு என்றே யாவரும் எண்ணினர். கூட்டைத் திறந்தபோது துருவைக் காணோம். பழைய கிறீஸ் மெழுகுபோல இறுகிப் பற்சில்லுகளைப் பிணைத்திருந்தது.

ஏன் இறுகியது? கிறீஸ் என்பதைத் தடித்த எண்ணெய் என்றே பலர் கருதுகின்றனர். உண்மை வேறு. பஞ்சு நீரை ஏந்தி வைத்திருப்பது போல எண்ணெயைத் தன்னுள் ஏந்தி வைத்திருக்கும் ஒருவகைச் சவர்க்காரமே பெரும்பாலான கிறீஸ்களின் உடல். லிதியம் சவர்க்காரத்தாலும் கல்சியம் சவர்க்காரத்தாலும் அமைந்தவை கடைகளிற் பெருவழக்கு. வழுவழுப்பைத் தருவது அதனுள் இருக்கும் எண்ணெயே. சவர்க்காரம் அதனை ஓடவிடாது தாங்குகின்றது. ஆண்டுகள் செல்ல எண்ணெய் கசிந்து வெளியேறும். எஞ்சியதும் காற்றோடு கூடித் தடிக்கும். ஈற்றிற் சவர்க்காரம் மாத்திரம் கட்டியாய் நிற்கும். மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து, பழைய பற்தூரிகையாற் றேய்த்தபின் அந்த றீல் மீண்டும் உயிர் பெற்றது. பயன்படுத்தாது வைத்திருக்கும் இயந்திரமும் மூப்படையும் என்பதை இதனால் அறியலாம்.

எண்ணெய் உராய்வை எவ்வாறு குறைக்கின்றது என்பதற்கு மாணவருக்கு நாம் கூறும் ஒரு வரலாறு உண்டு. 1880களில் இங்கிலாந்திற் போஷம்ப் டவர் என்னும் பொறியியலாளர் புகையிரத அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்தார். எண்ணெய் ஊற்றுதற்காகத் தாங்கியின் மேல் ஒரு துளையிட்டார். அச்சுச் சுழன்றபோது அத்துளை வழியே எண்ணெய் உள்ளே செல்வதற்குப் பதிலாக மேலே பொங்கிற்று. மரக்கட்டையால் அடைத்தார், கட்டையும் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. சுழற்சியினால் எண்ணெய்ப் படலத்தில் அழுத்தம் தோன்றி, அப்படலமே முழுப் பாரத்தையும் ஏந்துகின்றது என்பது இதனாற் புலனாயிற்று. 1883இல் அவர் வெளியிட்ட முடிவுகளுக்கு 1886இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் கணித விளக்கம் தந்தார். இரும்பு இரும்பின்மேல் ஓடுவதில்லை. இரண்டுக்குமிடையே எண்ணெய் ஓடவேண்டும். விரைந்து சுழலும் உறுப்புக்கு மெல்லிய எண்ணெயே இப்படலத்தை உண்டாக்கும். தடித்த எண்ணெயை இட்டால் அதன் பிசுக்குமை, அதாவது ஓட மறுக்கும் தன்மை, தானே ஒரு தடையாகிவிடும். மெதுவாய்ச் சுழன்று பாரந்தாங்கும் பற்சில்லுக்கோ மெல்லிய எண்ணெய் போதாது. பற்கள் அழுத்தும்போது அது பிதுங்கி அகன்றுவிடும். அங்கே கிறீஸ் வேண்டும்.

இனி, எந்த எண்ணெய் என்ற வினா. எம்மவர் வீடுகளிற் கைக்கு முதலில் எட்டுவது தேங்காயெண்ணெய்ப் போத்தலே. கதவுக் கீல் முதற் கடிகாரம் வரை அதனை ஊற்றும் வழக்கம் இன்னும் உண்டு. அது 24 பாகை செல்சியசை அண்டி உறைவது. யாழ்ப்பாணத்தில் இதனை உணரோம். நுவரெலியாவிற் காலையிற் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு துளியும் விழாது. இதனினும் பெரிய குறை வேறு. ஈரம் பட்டுப் பழசாகும்போது தாவர எண்ணெய்கள் அமிலங்களை வெளிவிடும். நம் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கிலே எண்ணெய் தேங்கிய இடத்திற் பச்சைக் களிம்பு பிடிப்பதை அறியாதார் யார்? அந்த அமிலம் செம்போடு சேர்ந்து உண்டாக்கும் பொருளே அது. றீலினுள்ளும் பித்தளை உறுப்புகள் உண்டு. விளக்கை நாம் வாரந்தோறும் புளியிட்டு மினுக்கலாம். றீலின் உட்பாகத்தை யார் மினுக்குவார்? நல்லெண்ணெயோ காற்றுப்பட்டுப் பிசினாகும் இயல்பினது. விளக்கிற்கும் தலைக்கும் உகந்த அது, நுண்ணிய இயந்திரத்துக்கு ஆகாது.

ஆமணக்கெண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டுவண்டி அச்சுக்கு நம் முன்னோர் இட்ட மசகில் அதுவும் சேர்ந்தது. பாரந்தாங்கும் தடிப்பு அதற்கு இயற்கையாகவே உண்டு. முதலாம் உலகப் போர்க்கால விமான எஞ்சின்கள் பலவற்றிலும் அது ஓடியது. கஸ்ரோல் என்னும் பெயரே அந்த எண்ணெயின் ஆங்கிலப் பெயரைத் தழுவி வந்ததாகும். எனினும் காலஞ்செல்லச் செல்ல அதுவும் ஒட்டிப் பிசுபிசுக்கும். வண்டி அச்சு அதனைப் பொறுக்கும், றீல் பொறுக்காது.

முற்காலத்தில் நுண்ணிய இயந்திரங்களுக்கும் கடிகாரங்களுக்கும் மேலான எண்ணெய் திமிங்கிலங்களிடமிருந்தே பெறப்பட்டது. எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய், வேதியியல் முறையில் நோக்கின், திரவ மெழுகு, எளிதிற் பிசினாகாது. இதற்காக அவ்வுயிர்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டன. 1970களில் அமெரிக்கா இவ்வெண்ணெயைத் தடைசெய்தது. 1986 முதல் வர்த்தகத் திமிங்கில வேட்டை சர்வதேச உடன்பாட்டினால் நிறுத்திவைக்கப்பட்டது. அத்திமிங்கிலங்களைத் திருகோணமலைக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் இன்றும் காணலாம். உயிர்க்கொலை விரும்பாத எமக்கு, கையிலிருக்கும் எண்ணெய்க் குப்பி மண்ணிலிருந்து எடுத்த கனிய எண்ணெயாக இருப்பதில் ஒரு மனநிறைவு உண்டென்பதைச் சொல்லாதிருக்க இயலவில்லை.

அந்தக் குப்பி வேறொன்றன்று. தையல் இயந்திர எண்ணெய்தான். நிறமற்றது, மெல்லியது, பிசினாகாதது, எந்த ஊர்க் கடையிலும் அகப்படுவது. றீலுக்கென்றே விற்கப்படும் எண்ணெய்கள் உப்புநீரைத் தாங்கும் சேர்க்கைகளைக் கொண்டிருத்தலால் மேலானவை, கிடைக்குமாயின் வாங்கலாம். கிடைக்காத ஊரிலே தையல் இயந்திர எண்ணெயை அடிக்கடி இடுதல் போதும். மோட்டார் வாகன எஞ்சின் எண்ணெய் தடிப்பு மிக்கது. கராஜில் வடித்தெடுத்த கறுத்த கழிவெண்ணெயையோ அண்டவும் கூடாது; அதில் உலோகத்தூளும் அமிலமும் கலந்திருக்கும்.

டபிள்யூ டி 40 என்னும் தெளிப்பானைப் பற்றியும் கூறவேண்டும். 1953இல் அமெரிக்காவில் உருவான அதன் பெயர், நீரை விலக்கும் கலவைக்கான 40ஆவது முயற்சி என்பதைக் குறிக்கின்றது. பெயர் சொல்லுமாப்போல, நனைந்த உலோகத்திலிருந்து நீரை அகற்றவும் இறுகிய ஆணியை இளக்கவும் அது வல்லது. ஆனால் அதிற் பெரும்பகுதி ஆவியாகிவிடும். எஞ்சும் படலம் மிக மெல்லியது. உள்ளிருக்கும் நல்ல கிறீசையும் அது கரைத்துவிடும். துடைப்பதற்கு அதனைக் கொள்ளலாம். அதன் பின் முறையாக எண்ணெயிடல் வேண்டும்.

அம்மான் எமக்குக் கற்பித்த முறை வருமாறு. நூல் உராய்ந்தோடும் சிற்றுருளைக்கு எண்ணெய், ஒரு துளி. கைப்பிடிக் குமிழுக்கு எண்ணெய். நூலைப் பற்றும் கம்பி வளையத்தின் இரு மூட்டுகளுக்கும் எண்ணெய். விரைந்து சுழலும் போல் பெயரிங்குகளுக்கு எண்ணெய். இவற்றுள் யாவரும் மறப்பது சிற்றுருளையையே. அது மிகச் சிறியது, கடல்நீரை முதலில் ஏற்பது. அது நின்றுவிட்டால் தங்கூசி அதன்மேல் அறுபட்டுத் தேயும். கைப்பிடி பின்னோக்கிச் சுழலாது தடுக்கும் உருளைப் பூட்டுக்கு மிக மெல்லிய எண்ணெய், அதுவும் பெயரளவிற்கு மட்டும். கிறீஸ் புகுந்தால் உருளைகள் வழுக்கிக் கைப்பிடி திடீரெனப் பின்னோக்கி ஓடும். நடுங்கும் விரல்களுக்கு அது எத்தகைய ஆபத்தென்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பெரிய பற்சில்லுக்கும் அதனோடு பொருந்தும் சிறிய பற்சில்லுக்கும் கிறீஸ். ஆணிகளின் புரியிலும் சிறிது கிறீஸ் தடவுதல் நன்று. அலுமினியக் கூட்டில் துருவேறா உருக்கு ஆணி நிற்க, இடையே உப்புநீர் புகுந்தால் மின்கலம்போற் றொழிற்பட்டு அலுமினியம் அரிக்கும். கிறீசின் தடிப்பை எண்களாற் குறிப்பர். 25 பாகையில் ஒரு கூம்பு அதனுள் எவ்வளவு ஆழம் இறங்குகின்றது என்று அளந்து, கூழ்போன்ற 000 முதற் கட்டியான 6 வரை வகுத்துள்ளனர். சைக்கிள் கடையிலும் கராஜிலும் விற்கும் கிறீஸ் பெரும்பாலும் 2. பெரிய றீலுக்கு அது பொருந்தும். அம்மானின் சிறிய றீலுக்கு அவர் அதனினும் இளகிய வகையையே வேண்டுகின்றார். கை இலகுவாகச் சுற்றவேண்டுமல்லவா? பழையதை முற்றாகத் துடைத்த பின்னரே புதியது பூசவேண்டும். இனம் வேறான சவர்க்காரங்கள் ஒன்றோடொன்று கலந்தால் இளகி ஓடிவிடுதலும் உண்டு.

இழுவைத் தடையே எல்லாவற்றினும் நுண்மையானது. பெரும் பாரை ஒன்று இழுத்தோடும்போது நூலை அளவாக விட்டுக்கொடுப்பது அங்குள்ள வட்டத் தகடுகளே. பொருளொன்றை நிலையிலிருந்து நகர்த்தத் தொடங்குவதற்கு வேண்டிய விசை, நகர்ந்துகொண்டிருக்கும்போது வேண்டியதினும் பெரிது என்பது மாணவர் அறிந்த பாடம். இவ்விரண்டுக்கும் வேற்றுமை மிகுந்தால் தடை விட்டுவிட்டுப் பிடிக்கும், நூல் அறும், நூல் அறாவிடிற் கை உலுக்கப்படும். ஆகையாற் காபன் இழைத் தகடுகளுக்கு அதற்கென்றே செய்த கிறீசை மெல்லிதாகப் பூசுவர். கம்பளித் தகடுகளுக்குச் சில துளி எண்ணெய். உலர்வாகவே வைக்கும்படி செய்தவர் கூறியிருப்பின் உலர்வாகவே விடவேண்டும். சாதாரண கிறீஸ் இங்கே ஆகாது.

எவ்வளவு என்பதிலேதான் அம்மான் மிகக் கண்டிப்பானவர். எண்ணெயை ஊசிமுனையால் இடவேண்டும். கிறீசைத் தீக்குச்சி நுனியால் எடுத்துத் தூரிகையாற் பரப்பவேண்டும். பல்லின்மேற் படலம் தெரியவேண்டும், பல் மறையக்கூடாது.

"கூடப் பூசாதை தம்பி. கிறீஸ் தின்னுற மெசின் ஒண்டும் ஓடாது."

மிகுதியான எண்ணெய் வெளியே கசிந்து மணலையும் உப்பையும் பிடித்து அரைக்கும் கல்லாகும். கடலிலிருந்து மீண்டதும் இழுவைத் தடையை இறுக்கி, நன்னீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்து, நிழலிலே உலர்த்திப் பின் தடையைத் தளர்த்தி வைத்தல் வேண்டும். குழாயை வேகமாகத் திறந்து பீச்சினால் உப்பு உள்ளேதான் செல்லும்.

சித்திரையிலும் ஆவணியிலும் திருகோணமலைக் கடல் அமைதியாயிருக்கும். அப்போது நாம் செய்வது மேற்பூச்சான பராமரிப்பு. மார்கழியிலோ வடகீழ்ப் பருவக்காற்றினாற் கடல் கொந்தளிக்கும். அம்மான் வீட்டில் இருப்பார். அப்போதுதான் இரண்டையும் முழுவதும் கழற்றுவோம். பழைய வேட்டித் துண்டை விறாந்தையில் விரித்து, கழற்றிய ஒழுங்கிலே உறுப்புகளை இடமிருந்து வலமாக வைப்போம். சென்ற மார்கழியில் அம்மானின் பேரன், 12 வயதுச் சிறுவன், அருகில் வந்து அமர்ந்தான். திருப்புளியை அவனிடம் கொடுக்கும்படி அம்மான் கண்ணாற் காட்டினார். எம் மனத்திலும் அதுவே இருந்தது. எமக்கும் வயது ஐம்பதை நெருங்குகின்றது, நெடுந்தூரப் பிரயாணமும் எப்போதும் வாய்ப்பதன்று.

சிறுவன் ஒவ்வொரு பெயரிங்குக்கும் மூச்சை அடக்கி ஒரு துளி விட்டான். யாவும் பூட்டியானபின் அம்மான் றீலை வாங்கி, காதோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைச் சுழற்றினார். கை நடுங்கிற்று, சுழற்சி நடுங்கவில்லை. பற்சில்லின் கரகரப்போ பெயரிங்கின் முனகலோ எமக்குக் கேட்கவில்லை. அவர் செவி எம்முடையதினும் கூர்மையானது. ஆதலால் நாம் காத்திருந்தோம்.

"மெசின் கதைக்கேல்லை," என்றார். அவர் அகராதியில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

அன்றிரவு சிறுவன் தன் அப்பியாசக் கொப்பியில் உறுப்புகளின் பெயரை ஒருபுறமும், எண்ணெய் அல்லது கிறீஸ் என்பதை மறுபுறமும் எழுதினான். அம்மான் கண்ணாடியை அணிந்து வரிவரியாகப் பார்த்தார். பென்சிலைக் கேட்டு வாங்கினார். எண்ணெய் என்றிருந்த இடந்தோறும், கோணிய எழுத்திலே, ஒரு துளி என்று தாமே சேர்த்தார். ஆறு வரிகளுக்கு அரைமணி நேரம் சென்றது. நாங்கள் ஒருவரும் உதவிக்குச் செல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்த ஏடு இப்போது தகரப்பெட்டியின் மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றது.